சொல் கிடைக்கிறது, பொருள்தான்...

நூறாண்டு பழைய அகராதிகள் கைபேசிக்கு வந்துவிட்டன. அவற்றைப் புதுப்பிக்கத்தான் ஆளைக் காணோம்.

'அவசரம்' என்று தமிழர் ஒருவர் சொன்னால் அவருக்கு நேரமில்லை என்று அர்த்தம். கன்னடருக்கும் அப்படித்தான். தெலுங்கில் அதே சொல் 'தேவை'. பாலக்காட்டைத் தாண்டினால் அது 'வாய்ப்பு'. இந்தியில் 'அவ்ஸர்' என்பதும் வாய்ப்புதான். 'சிக்ஷா' இன்னும் வம்பு பிடித்த சொல். இந்திக்காரர்களுக்கு அது கல்வி. மராட்டியருக்கும் மலையாளிக்கும் தண்டனை. (இரண்டும் ஒன்றுதான் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லக்கூடும்.)

இப்படிப்பட்ட நாட்டில் அகராதி இல்லாமல் பிழைப்பது கஷ்டம். இன்று அது சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது, பைசா செலவில்லாமல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதி, பிளாட்ஸின் உருது அகராதி, பிரவுனின் தெலுங்கு அகராதி எல்லாம் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியை ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. ஒருகாலத்தில் பெரிய நூலகங்களுக்குப் போய், தடித்த தொகுதிகளைத் தூக்கி இறக்கித்தான் இவற்றைப் பார்க்க முடியும். இப்போது கிராமத்து ஆசிரியருக்கும் பேராசிரியருக்கும் ஒரே வசதி. சாதாரண விஷயமல்ல இது.

ஆனால் பதிப்பு ஆண்டுகளைப் பாருங்கள். லெக்சிகன் வெளிவரத் தொடங்கியது 1924இல். இணையத்தில் உள்ள மோல்ஸ்வொர்த் 1857ஆம் ஆண்டுப் பதிப்பு. பிளாட்ஸ் 1884, மோனியர் வில்லியம்ஸ் 1899. லெக்சிகனில் 'தொலைக்காட்சி'யைத் தேடினால் கிடைக்காது. 'கணினி'யும் கிடையாது. பழைய அகராதிகளே இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம் எளிது: அவற்றின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளானால் நூல் பொதுச்சொத்து. நேற்று எழுதிய அகராதிக்கு விலை உண்டு. தாத்தா காலத்து அகராதி சும்மா கிடைக்கும்.

தேடுவதற்கும் கொஞ்சம் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். 'கேட்டான்' என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் 'கேள்' என்று தேட வேண்டும். அது தெரிந்தவருக்கு அகராதியே அநேகமாகத் தேவைப்படாது. தெரியாதவருக்கு வெற்றுத் திரைதான் பதில்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆங்கிலம் என்ற இடைத்தரகர். இந்திய மொழிகளுக்கான இணைய அகராதிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கோ தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கோதான் போகின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலை தேடி வரும் ஒடிசா இளைஞருக்கு ஒடியா-தமிழ் அகராதிதான் வேண்டும். நடைமுறையில் அவர் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. வழியில் என்ன தொலைகிறது என்பதுதான் வேடிக்கை. தமிழில் நீ, நீங்கள் உண்டு. ஒடியாவில் மரியாதைக்கு மூன்று படிகள். இந்தியிலும் தூ, தும், ஆப். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'. மேஸ்திரியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அந்த இளைஞருக்கு யாரும் சொல்லித்தரப் போவதில்லை. தப்பாகக் கூப்பிட்டால் மட்டும் கோபித்துக்கொள்வார்கள். இந்தியில் சாச்சா வேறு, மாமா வேறு. தமிழிலும் சித்தப்பா வேறு, மாமா வேறு. இரு மொழிகளிலும் கச்சிதமாக இருக்கும் வித்தியாசம் 'அங்கிள்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 2016இல் 'பாரதவாணி' தளத்தைத் தொடங்கிப் பல மொழி அகராதிகளை ஒரே இடத்தில் குவித்தது. ஆனால் குவிப்பது ஒரு வேலை; புதிய சொற்களைச் சேர்த்து, தவறுகளைத் திருத்தி, எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தலாம் என்று எழுதுவது வேறு வேலை. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. தனியாரையும் நம்ப முடியவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இந்தி, தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு ஆர்வத்துடன் தொடங்கிய இணைய அகராதிகளை 2020இல் மூடிவிட்டது. அச்சு நூலாக இருந்தால் பழைய புத்தகக் கடையிலாவது மிஞ்சியிருக்கும்.

மிஞ்சுவதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் தனிமனிதர்கள். பெங்களூர்க்காரரான வி. கிருஷ்ணா சுமார் 40 ஆண்டுகள் தன்னந்தனியாக உழைத்து ஒரு கன்னட-ஆங்கில அகராதியைத் தொகுத்தார். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான சொற்கள். 'அலர்' என்ற பெயரில் 2019இல் இணையத்துக்கு வந்தது. இதை உருவாக்கிய தொழில்நுட்பத்துக்கு அடிப்படை, 2010இல் தொடங்கிய 'ஓளம்' என்ற மலையாள அகராதி. அலரின் சொல் பட்டியல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், வேறு இடத்தில் நிறுவிக்கொள்ளலாம். நாளைக்கு அந்தத் தளம் மூடப்பட்டாலும் கிருஷ்ணாவின் சொற்கள் வேறொருவர் கணினியில் இருக்கும்.