அலமாரி காலியாவது எப்படி?

சிங்கப்பூர் அரசு கொரோனா எச்சரிக்கையை 2020 பிப்ரவரி 7 அன்று ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தியது. அன்றே பேரங்காடிகளில் கூட்டம் அலைமோதியது. அரிசி, நூடுல்ஸ், கழிவறைக் காகிதம் எல்லாம் மளமளவென்று தீர்ந்தன.

உண்மையில் தட்டுப்பாடு இல்லை; கிடங்கில் சரக்கு இருந்தது. பேரங்காடி அலமாரியில் பல வாரத்துக்கான இருப்பு வைப்பதில்லை. வழக்கமான விற்பனையைக் கணக்கிட்டு, தீரத் தீர நிரப்புவார்கள். ஒரு பை அரிசி வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே மாலையில் இரண்டு பை எடுத்தாலே தட்டு காலி. கழிவறைக் காகிதமோ இடத்தை அடைக்கும் சரக்கு. சிலர் அள்ளினாலே பெரிய வெற்றிடம் தெரியும். காலி அலமாரியின் படம் கைபேசிகளில் பரவியதும் அடுத்த கூட்டம் கிளம்பிவிடுகிறது.

வாங்கிக் குவிப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது நியாயமல்ல. மற்றவர்கள் அள்ளும்போது தானும் எடுத்துவைப்பது குடும்பத்தைக் காப்பவருக்கு இயல்பான முடிவுதான். ஆனால் அடிபடுவது, மொத்தமாக வாங்கக் கையில் காசில்லாதவர்களும் முண்டியடிக்க முடியாத முதியவர்களும். இந்தக் கொடுமையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கை உயர்ந்த மறுநாளே சிங்கப்பூரின் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் காணொளியில் மக்களிடம் பேசினார். பிப்ரவரி 9 அன்று ஃபேர்பிரைஸ் பேரங்காடி ஒருவருக்கு அரிசி 2 பை, நூடுல்ஸ் 4 கட்டு, காகிதப் பொருள்கள் 4 கட்டு என வரம்பு வைத்தது. சில நாளில் நெரிசல் தணிந்தது. மார்ச்சில் ஆஸ்திரேலியாவிலும் இதே நிலை வந்தபோது, அங்குள்ள வூல்வொர்த்ஸ் பேரங்காடி காலை 7 முதல் 8 மணி வரை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கடையை ஒதுக்கியது.