பட்டறையில் கார் நின்ற பத்தொன்பது நாட்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை கனத்துப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சுபாங் ஜெயாவின் பெர்சியாரான் கெவாஜிப்பான் சாலையில் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நின்றிருந்த என் சிறிய காரைப் பின்னால் வந்த வாகனம் ஒன்று மோதித் தள்ளியது. தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை; மோதியவரும் நல்ல மனிதர், பிழை தம்முடையதே என்று நனைந்தபடியே ஒப்புக்கொண்டார். பின்கதவு மடங்கி, பம்பர் ஒருபுறம் தொங்கிக்கொண்டிருந்த வண்டியை இழுவை வண்டி பட்டறைக்குக் கொண்டுபோயிற்று. அது திரும்பி வர பத்தொன்பது நாட்கள் ஆயின.

அந்தப் பத்தொன்பது நாட்களின் சிரமத்தை விவரிக்க வேண்டுமானால், முதலில் இந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீஃபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்து, எழுபதுகளின் நடுவிலிருந்து வீடமைப்பு நகரமாக மாறிய ஊர் இது. தோட்டக் காலத்தில் நம்மவர்கள் லயன் வீட்டிலிருந்து பால்மரக் காட்டுக்கும், கோயிலுக்கும், பள்ளிக்கும் கால்நடையாகவே போய் வந்தார்கள். இன்றோ அகன்ற சாலைகளாலும் நெடுஞ்சாலைகளாலும் துண்டு துண்டாக வகுக்கப்பட்டிருக்கும் இதே பூமியில், கண்ணுக்குத் தெரியும் கடைக்குப் போவதற்கும் கார் வேண்டியிருக்கிறது. 2015-இல் சன்வே விரைவுப் பேருந்தும், 2016-இல் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டிக்கப்பட்ட எல்.ஆர்.டி. ரயிலும் வந்தது பெரிய உபகாரம்தான் என்றாலும், கிள்ளானில் இருக்கும் என் தாயாரை வாரம் இருமுறை இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துப்போக அவை போதவில்லை. வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த நான், பத்தாம் நாள் கூட்டிப் பார்த்தபோதுதான், இந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைக் கேட்டேன்.

கேட்டிராவிட்டால் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு காப்புறுதியிலிருந்து வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். வண்டி இல்லாமல் கழிந்த நாட்களுக்கும் நஷ்டஈடு உண்டு என்பது நம் ஜனங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. நம்முடைய சொந்தக் காப்புறுதிப் பத்திரம் சாதாரணமாக இந்த நஷ்டத்தை ஏற்பதில்லை. அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர், தவறு செய்து மோதியவர்; அவருக்காகக் கொடுப்பது அவருடைய காப்புறுதி நிறுவனம்.

இந்த உரிமையின் வேர் பழையது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1900-ஆம் ஆண்டில் விசாரித்த ‘மீடியானா’ வழக்கு என்று ஒன்று உண்டு. லிவர்பூல் துறைமுகப் பகுதியில் கப்பல்களுக்கு வழிகாட்டி நின்ற விளக்குக் கப்பல் ஒன்றை மீடியானா என்ற நீராவிக் கப்பல் மோதிச் சேதப்படுத்தியது. துறைமுக நிர்வாகம் இப்படிப்பட்ட ஆபத்துக்காகவே வைத்திருந்த மற்றொரு விளக்குக் கப்பலை அந்த இடத்தில் நிறுத்தியது; வாடகை என்று ஒரு காசும் வெளியே போகவில்லை. ஆகவே உபயோக நஷ்டம் என்று எதுவும் இல்லையே என்று எதிர்த்தரப்பு வாதாடியபோது, பிரபுக்கள் அதை ஏற்கவில்லை. என் வீட்டு நாற்காலி ஒன்றை ஒருவன் ஓர் ஆண்டு எடுத்து வைத்துக்கொண்டு, நான் வழக்கமாக அதில் உட்காருவதில்லை என்றோ, அறையில் வேறு நாற்காலிகள் இருக்கின்றன என்றோ சொல்லித் தப்ப முடியுமா என்ற கருத்தில் ஹால்ஸ்பரி பிரபு கேட்ட கேள்வி சட்ட மாணவர்களிடையே இன்றும் பிரசித்தம். 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் வழியாக ஆங்கிலப் பொதுச் சட்டத்தைச் சுவீகரித்துக்கொண்ட மலேசியாவுக்கும் இந்த நியாயம் வந்து சேர்ந்தது. வாடகைக் கார் எடுத்தாயா, ரசீது எங்கே என்று கேட்டு நம்மை மடக்கப் பார்ப்பவர்களுக்கு, அந்த நாற்காலியே பதில்.

ஆனால் ஒவ்வொரு சிறு விபத்துக்கும் நீதிமன்றம் போய்க்கொண்டிருப்பது சாத்தியமில்லையாதலால், மலேசியக் காப்புறுதித் துறையில் ஒரு நிலையான ஏற்பாடு உண்டு. மதிப்பிடப்பட்ட பழுதுநீக்கும் காலத்துக்கான இழப்பீடு என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கார்ட்’ என்கிறார்கள். சொந்தக் காருக்கு எஞ்சின் அளவைப் பொறுத்து நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு: 1,500 சி.சி. வரை 30 ரிங்கிட், 2,000 சி.சி. வரை 40 ரிங்கிட், அதற்கு மேல் 50 ரிங்கிட்.

எத்தனை நாட்களுக்கு என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வண்டி பட்டறையில் கிடந்த நாட்களை அல்ல, வண்டியைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிட்ட அட்ஜஸ்டர் தம்முடைய அறிக்கையில், இந்தப் பழுதை நீக்க இத்தனை வேலை நாட்கள் ஆகும் என்று எழுதியிருக்கும் எண்ணிக்கையையே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். என் காரின் அறிக்கையைக் கையில் வாங்கிப் புரட்டினேன். நொறுங்கிய பாகங்களின் பெயரும் விலையும், சாயம் பூசும் கூலியும், நாலாபுறமும் எடுத்த புகைப்படங்களுமாகப் பல தாள்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில், ஒன்பது வேலை நாட்கள் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்காதவருக்குப் பணம் இல்லை. ஒன்பதை முப்பதால் பெருக்கினால் 270 ரிங்கிட். அனுமதி கிடைக்கத் தாமதம், உதிரிபாகம் வரத் தாமதம் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்காக மேலும் ஏழு வேலை நாட்கள் வரை சேர்த்துக் கேட்க இடமுண்டு. அதையும் சேர்த்தால் 480 ரிங்கிட். என் நோட்டுப் புத்தகத்துக் கணக்கை இது முழுமையாக ஈடுசெய்யவில்லை. ஆனாலும் நாள் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு 480 ரிங்கிட் ஒரு மாதத்து மளிகை. அற்பத் தொகை என்று அதை ஒதுக்கிவிடும்படி ஆலோசனை சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்தாக வேண்டும்; பின்பு, தவறு யாருடையது என்று காட்டும் போலீஸ் விசாரணை முடிவைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ள வேண்டும். பழுதுச் செலவை நம் சொந்த நிறுவனத்திடமே ‘நாக் ஃபார் நாக்’ முறையில் கேட்டுப் பெறலாம். தவறு நம்முடையதல்ல என்றால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும், படிப்படியாக ஏறி 55 விழுக்காட்டை எட்டும் என்.சி.டி. சலுகை அதனால் குறையாது. இந்த வழியில் போகிறவர்கள்தாம், பழுது தீர்ந்ததும் காரியம் முடிந்ததென்று எண்ணிக் கார்ட் தொகையை மறந்துவிடுகிறார்கள். அதை எதிராளியின் நிறுவனத்துக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். போலீஸ் புகார், விசாரணை முடிவு, அட்ஜஸ்டர் அறிக்கை, பட்டறை ரசீது, நம் மக்கள் கிரான் என்று சொல்லும் வாகனப் பதிவு அட்டை, ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் பிரதிகளைக் கடிதத்தோடு இணைத்தால் போதும். பதிலாக வரும் பத்திரத்தில், இத்துடன் சகல கோரிக்கைகளும் தீர்ந்தன என்ற வாசகம் இருந்தால், தொகையைப் பாராமல் கையொப்பம் இடலாகாது.

மறுத்தால் என்ன செய்வது? நிறுவனம் தன் இறுதி முடிவைத் தெரிவித்தபின், 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் செயல்பட்டு வரும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். நீதிமன்றமே போவதானாலும், 5,000 ரிங்கிட் வரையிலான சிறுகோரிக்கை வழக்கை வக்கீல் இல்லாமல் தாமே நடத்தலாம். எதிராளியின் வாகனத்துக்குக் காப்புறுதியே இல்லையென்றால், அவரைத் தேடிப் பிடித்து இந்த வழியிலேதான் கேட்க வேண்டும்.

என் அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்குக் காசோலை வந்த செய்தியைக் கேட்டு, தமக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற விபத்து நேர்ந்ததையும், பட்டறைக்கு வண்டி போன அந்த மாதம் மனைவியை டாக்சியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதையும் நினைவுகூர்ந்தார். “அப்போதே தெரியாமல் போயிற்றே ஐயா, இனிமேல் எங்கே?” என்றார். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குக் கால வரம்பு ஆறு ஆண்டுகள் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். போலீஸ் புகாரும், பட்டறை ரசீதும், மடிப்புக் கலையாமல் அதற்குள் இருந்தன. ஏதாவது தீர்வுப் பத்திரத்தில் கையொப்பம் இட்டீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். அட்ஜஸ்டர் அறிக்கை மட்டும் இல்லை. அதன் பிரதியைக் கேட்டு அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றிரவே ஒரு கடிதம் எழுதினோம். கையெழுத்து அவருடையது, முத்து முத்தாக.