உயிரணுப் பெருக்கமும் பாலியமைன்களும்

மாதுங்கா நிலையத்தில் ரயிலேறித் தாதரைக் கடந்தால் பரேல். அங்குதான் 1941ஆம் ஆண்டில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பெற்றது. ஊரிலிருந்து வந்த உறவினரை அங்கே அழைத்துச் சென்று, டாக்டர் இந்தியில் கூறுவதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு, தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலருக்கு வாய்த்திருக்கும். 1952இல் பரேலிலேயே தோன்றிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை டாக்டர் கானோல்கர் நடத்தினார். புகையிலை மெல்லுதலுக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அவர்.

நோய் எதனால் வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்தபின் உயிரணு எதன் துணையால் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குரிய விடையில் ஒரு பகுதி, பாலியமைன் என்னும் சிறு ரசாயனப் பொருள்களில் இருக்கிறது.

இவை புதியன அல்ல. 1678இலேயே டச்சுக்காரரான லீவன்ஹூக், உலர்ந்த விந்துத் துளியில் இவற்றுள் ஒன்றின் படிகங்களைக் கண்டார். அழுகிய இறைச்சியின் துர்நாற்றத்தில் பங்குகொள்ளும் புட்ரஸினும் இக்குடும்பத்ததே. நாற்றத்தைக் கொண்டு இகழ வேண்டா. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அது உண்டு. பாலியமைன்கள் நேர்மின்னேற்றம் உடையவை. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. உயிரணு இரண்டாகப் பிரியவேண்டுமானால் பாலியமைன் வேண்டும். விரைந்து பிரியும் புற்றணுவுக்கோ மிகுதியாக வேண்டும்.

புற்றுநோயாளர் சிலரின் சிறுநீரில் பாலியமைன் மிகுந்திருப்பதை 1971இல் டயேன் ரஸ்ஸல் என்னும் அமெரிக்க அம்மையார் வெளியிட்டார். இதைக்கொண்டே நோயைக் கண்டறியலாமென எழுந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. வேறு நோய்களிலும் அந்த அளவு உயருமல்லவா?

பாலியமைன் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் என்ஸைமை அடைத்துவிட்டால்? அதற்கென ஆக்கப்பட்டதே எஃப்லார்னிதின். ஆனால் நம் உயிரணுவில் அந்த என்ஸைம் ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் சிதைந்து, உடனே புதிதாக உண்டாகிவிடுகிறது. ஒன்றை அடைத்தால் மற்றொன்று வருகிறது. போதாக்குறைக்கு, உணவிலிருந்தும் குடலில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்தும் வரும் பாலியமைனைப் புற்றணு உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மருந்து எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

வேடிக்கை என்னவெனில், ஆப்பிரிக்காவில் ஈக்கடியால் பரவும் உறக்க நோய்க்கு அதே மருந்து உதவிற்று. அந்நோய்க்கிருமியின் என்ஸைம் எளிதில் சிதைவதில்லை. புதியதும் விரைவில் தோன்றுவதில்லை. ஒருமுறை அடைபட்டால் கிருமி திணறிப்போகிறது. 1990இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. பின்னர் முகத்தில் வளரும் வேண்டாத உரோமத்தைத் தடுக்கும் களிம்பாகவும் அது விற்பனைக்கு வந்தது!

ஆயினும் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் அதைக் கைவிடவில்லை. நியூரோபிளாஸ்டோமா என்பது சிறு குழந்தைகளின் நரம்புத் திசுவில் தோன்றும் கொடிய புற்று. கடுமையான வகைகள் பலவற்றில் ஒரு மரபணு பன்மடங்கு பெருகி, மேற்கூறிய என்ஸைமின் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. எனவே முதற்கட்டச் சிகிச்சைகளால் நோய் தணிந்த குழந்தைகளுக்கு, அது திரும்பிவரும் ஆபத்தைக் குறைக்க இம்மருந்தை மாத்திரையாக அளிக்க 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செவித்திறன் குறையக்கூடும் என்பதால் அவர்களின் காதுகளையும் இடையிடையே சோதித்து வருகிறார்கள்.