படப்பலகையும் வேற்றுமை உருபும்

எழுத்து என்னும் சொல் தமிழிலக்கணத்தில் ஒலிவடிவினையும் வரிவடிவினையும் ஒருங்கே குறிக்கும். வாயாற் பேசவியலாத மாணாக்கர்க்கு எழுத்தறிவூட்டும் நெறியை ஆராயப் புகுவார் இதனை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய சிறாருள் சிலர் சிறிதே பேசுவர். சிலர் பேசவே மாட்டார். பேச்சின்மையால் மொழியுணர்வும் இல்லையெனக் கோடல் பிழையாம். எனினும், ஒலித்துப் படித்தலையே அளவுகோலாகக் கொண்ட வகுப்பில் இவர் படிப்பு வாராதவர் என்றே ஒதுக்கப்படுகின்றனர்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் யாவரும் அறிந்தது. கல்லுடைக்கும் பெண்டிர்க்கு அஃது எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. அதன் பாடநூல் அகரவரிசையில் தொடங்காது, கற்போர் வாழ்வில் வழங்கும் சொல்லில் தொடங்கி எழுத்துக்குச் சென்றது. அச்சொற்கள் அவர்தம் நாவில் பன்னாள் பழகியவை. அதனாலேயே அம்முறை எளிதாயிற்று. பேசா மாணாக்கர்க்கோ நாவிற் பழகாத சொல்லை எழுத்தாற் பழக்க வேண்டியுள்ளது.

இதற்குத் துணையாவன படப்பலகையும் பேசுங்கருவியும். மாணாக்கன் படத்தைத் தொட, கருவி அச்சொல்லை ஒலிக்கும். சென்னையில் அஜித் நாராயணன், வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய 'ஆவாஸ்' இவ்வகையது, தமிழிலும் வழங்குவது.

ஈண்டு இலக்கணம் கற்றார் நோக்கத்தக்க இடர் ஒன்றுண்டு. படமாக எளிதில் தீட்டத்தக்கன பெயரும் வினையுமே. 'அண்ணன்', 'அடி' என இரு படங்களை ஒரு சிறுவன் தொடுகின்றான் எனக் கொள்வோம். அண்ணன் தன்னை அடித்தான் என்கின்றானா? அண்ணனைத் தான் அடித்ததாகச் சொல்கின்றானா? அண்ணனை அடிக்குமாறு வேண்டுகின்றானா? ஆங்கிலத்திற் சொற்கிடக்கையே எழுவாயையும் செயப்படுபொருளையும் பெரும்பாலும் காட்டிவிடும். தமிழில் அப்பணி உருபினது. ஆங்கிலப் பலகையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், அடிபட்டவன் யார் என்பதே விளங்காது போகும். தொகைநிலைத் தொடரில் உருபு மறைதல் தமிழ் மரபேயன்றோ எனின், விரிக்க வல்லான் தொகுத்துரைத்தல் வேறு. விரிக்க வழியின்றித் தொகையிலேயே நிற்றல் வேறு.

ஆதலின் ஐ, கு, இல் முதலிய உருபுகள் படமின்றி, எழுத்தாகவே பலகையில் இடம்பெறல் வேண்டும் என்பது எம் கருத்து. அங்ஙனம் வைப்பின், மாணாக்கன் முதலிற் கற்கும் எழுத்து அவனுக்குத் தேவையான எழுத்தாகவும் அமையும். 'மரம்' என்பதனோடு 'ஐ' சேர 'மரத்தை' ஆதலைக் கருவியே செய்துதரலாம். வினைக்கு நன்னூலார் கூறும் பகுபத உறுப்பு ஆறும் கருவி அமைப்பார்க்கு இன்றியமையாதன. இவ்வறிவை வழங்குதல் தமிழ்த்துறையின் கடன்.

எழுத்துக்கூட்டிச் சொல்ல முற்படுவார்க்கு 247 எழுத்தையும் பரப்பிவைத்தல் வேண்டா. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை உயிர்க்கு 12, மெய்க்கு 18, ஆய்தத்திற்கு 1 என விசைகளை அமைத்தது. முதலெழுத்து முப்பது என்னும் பழைய வரையறை விரல் நடுங்கும் சிறுவனுக்கும் உதவுதல் காண்க. ஆனால் அவ்விரல் அவனுடையதாகவே இருத்தல் வேண்டும். பிறர் கைபிடித்துத் தொடுவிப்பின் வருஞ்சொல் பிடித்தவர் சொல்லாய்விடல் கூடும்.

மாற்றுத் தொடர்பு முறைகளையும் தொடர்பாடலின்பாற் படுத்து 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்துள்ளது. சட்டம் தீர்த்துவைக்காத சிக்கல் ஒன்றும் உண்டு. கருவி 'அடித்தான்' என ஒலிக்கும். வீட்டிலோ 'அடிச்சான்' என்பர். வீட்டில் எவரும் பேசாத தமிழைச் சிறுவன் குரலாக்குதல் தகுமா? ஒலி வீட்டு வழக்கிலும், திரையில் தோன்றும் வரிவடிவு எழுத்து வழக்கிலும் அமைதல் நன்று என்பேம். அதற்குப் புதுக்கோட்டைச் சிற்றூர்களில் சிறார் நாள்தோறும் வழங்கும் சொற்களையும் உருபுகளையும் தொகுத்தெண்ணல் வேண்டும். முதுகலை மாணவர் இருவர் மூவர் கூடின் ஓராண்டில் முடியத்தக்க பணி அது.