இரட்டைப் பேற்றுக்கு ஒரு வகுப்பு

ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைப் பெண்பிள்ளைகள் தின்னக் கூடாது, தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பலர். இங்கிலாந்தில் குடியிருக்கும் என் அக்காளுக்கு இரட்டைக் கரு என்ற செய்தி வந்தபோது அம்மா கேட்ட முதற் கேள்வியும் அந்த வாழைப்பழத்தைப் பற்றியதுதான். ஆனால் அக்காள் சொன்ன இரண்டாவது செய்திதான் வீட்டில் எல்லோரையும் திகைக்க வைத்தது. அவளும் அத்தானும் வகுப்புக்குப் போகிறார்களாம்! பிள்ளை பெறுவதற்கு வகுப்பா? விடுதியில் இதைச் சொன்னதும், “வருகைப் பதிவு உண்டா? தேர்வில் தவறினால் மறுபடி எழுதலாமா?” என்று நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான். பிறகு அவளிடம் கேட்டும், படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்த வகுப்பை நடத்துபவர் மருத்துவச்சி. அந்நாட்டில் 1902-ஆம் ஆண்டிலேயே மருத்துவச்சிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்து, பயிற்சியும் பதிவும் கட்டாயமாயின. இன்று அது பல்கலைக்கழகத்துப் பட்டப் படிப்பு. சிக்கலில்லாத பேறுகளில் தொடக்கம் முதல் பிள்ளை பிறக்கும் வரை பெரும்பாலும் அவர்களே உடனிருக்கிறார்கள். இரட்டைக் கரு என்றால் மருத்துவரோடு, அத்துறையில் தேர்ந்த மருத்துவச்சியும் அடங்கிய குழு கவனிக்க வேண்டும் என்பது அந்நாட்டு நெறிமுறை. அந்த நெறிமுறை முதலில் 2011-இல் வெளிவந்து 2019-இல் புதுப்பிக்கப்பட்டது.

ஒற்றைப் பிள்ளைக்கு அங்கே வகுப்புகள் வழக்கமாக 30 அல்லது 32-ஆம் வாரத்தில் தொடங்கும். இரட்டைப் பிள்ளைக்கு 24-ஆம் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள். ஏன் இந்த அவசரம்? நிறைமாதம் என்பது 40 வாரம். இரட்டையரைச் சுமப்போரில் 100-க்கு ஏறத்தாழ 60 பேருக்கு 37 வாரம் நிறையுமுன்பே பேறு ஆகிவிடுகிறது. 32-ஆம் வாரத்தில் புத்தகத்தைத் திறந்தால் பாடம் முடியுமுன் தேர்வு வந்து நிற்கும். கடைசி வாரத்தில் படிக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது!

வகுப்பில் எனக்கு மிகவும் வியப்பளித்த பாடம், இரட்டையரில் எத்தனை வகை என்பது. இரண்டு கருமுட்டைகள் தனித்தனியே கருவுற்றால் பிறப்பவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்களே. ஒரே கருமுட்டை கருவுற்றபின் இரண்டாகப் பிரிந்தால் உருவொத்த இரட்டையர். இவ்வளவும் பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் அந்தப் பிரிவு எந்த நாளில் நிகழ்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். நான்கு முதல் எட்டு நாளுக்குள் என்றால் பனிக்குடம் இரண்டு, நஞ்சுக்கொடி ஒன்று. அதற்கும் பிந்தினால் இருவரும் ஒரே பனிக்குடத்தில் மிதப்பார்கள். இன்னும் பிந்தினால் உடல் ஒட்டிய பிள்ளைகள். ஆகவே உருவொத்த இரட்டையருக்கு நஞ்சுக்கொடி எப்போதும் ஒன்றுதான் என்று எண்ணுவது பிழை. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இரண்டு உண்டு.

தாய்க்கு வேண்டிய கேள்வி, பிள்ளைகள் முகம் ஒத்திருக்குமா என்பதன்று. நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதே. ஒரே நஞ்சுக்கொடியில் இருவரும் உண்ணும்போது, அதிலுள்ள குருதிக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். சில வேளைகளில் ஒரு பிள்ளையின் குருதி மற்றதன் பக்கம் மிகுதியாகப் பாயத் தொடங்கும். கொடுக்கும் பிள்ளை வாடும். அதன் பனிக்குடம் வற்றும். வாங்கும் பிள்ளையின் இதயம் திணறும். அதன் பனிக்குடம் பெருகும். இப்படிப்பட்ட இரட்டையரில் 100 இணைகளுக்கு 10 முதல் 15 வரை இது நேர்கிறது. கடுமையான நிலையில் கவனியாது விட்டால் பெரும்பாலும் இருவரையுமே இழக்க நேரும். காலத்தில் கண்டால் கருப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசர் ஒளியால் அந்த இணைப்புகளை அடைத்துவிடுகிறார்கள். மிகுந்த நீரை அவ்வப்போது வடிப்பதைக் காட்டிலும் இதுவே மேல் என்று ஐரோப்பிய ஆய்வொன்று 2004-இல் காட்டியது.

ஆகையால் நஞ்சுக்கொடி ஒன்றென்றால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்கேன். சரி, இடையிலுள்ள பதின்மூன்று நாளில் காவல் யார்? தாய்தான். வயிறு திடீரென்று பருத்தாலும், மூச்சு வாங்கினாலும் பொழுது விடியட்டும் என்று இராமல் உடனே சொல்ல வேண்டும் என்று மருத்துவச்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அக்காளுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றுதான். ஒருநாள் இரவு வயிறு கல்லாய் இறுகி மூச்சு முட்டியது. அத்தான், “காலையில் பார்ப்போமே” என்றிருக்கிறார். அவள் கேட்கவில்லை, போனாள். பரிசோதித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையில்லை என்றார்கள். வீணாகத் தொல்லை கொடுத்துவிட்டோமே என்று அவள் கூசி நின்றபோது, “நாளைக்கு இப்படி இருந்தால் நாளைக்கும் வா” என்றாராம் அந்த மருத்துவச்சி. வகுப்பின் பயன் முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இரட்டைப் பிள்ளை என்றாலே வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் வகுப்பில் பேசித் தெளிவிக்கிறார்கள். 25 நாடுகளில் ஏறத்தாழ 2,800 தாய்மாரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. முதற் பிள்ளை தலைகீழாய் இருக்குமானால், முன்கூட்டியே அறுவைக்குத் திட்டமிடுவதால் பிள்ளைகளுக்குத் தனி நன்மை எதுவுமில்லை என்று அது கண்டது. பேற்றறையில் ஆள்கூட்டம் மிகுந்திருக்கும், பிள்ளைக்கொரு குழு வந்து நிற்கும், அதைக் கண்டு அஞ்சாதீர்கள் என்றும் முன்னதாகவே சொல்லிவைக்கிறார்கள்.

தந்தைமாருக்கும் இதில் வேலை உண்டு. அத்தானிடம் இரண்டு பொம்மைகளைக் கொடுத்து, அக்காளின் இரு பக்கமும் வைக்கச் சொன்னார்களாம். பிள்ளையின் கால்கள் தாயின் முதுகுப்புறம் நீண்டிருக்க, தலையை உள்ளங்கையில் தாங்கி விலாவோடு அணைத்துப் பால் கொடுப்பது ஒரு முறை. அதற்கு ரக்பிப் பிடி என்று பெயர். நம் பெண்கள் குடத்தை இடுப்பில் இடுக்குவதை அவர்கள் பார்த்ததில்லை போலும்! இருவருக்கும் பால் போதுமா என்ற கவலைக்கும் விடை உண்டு. சுரப்பது குடிப்பதைப் பொறுத்தது. இருவர் குடித்தால் இருவருக்குச் சுரக்கும். பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்து தனியறையில் இருந்தாலோ, முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும்.

நம் நாட்டிலும் மருத்துவச்சிகளைப் புதிதாகப் பயிற்றுவிக்க நடுவண் அரசு 2018-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. இரட்டைப் பேற்றுக்கெனத் தனி வகுப்பு நம் ஊர் மருத்துவமனைக்கு எப்போது வருமோ! அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊரில் நம் அக்காளோ அண்ணியோ இரட்டைக் கரு என்று தொலைபேசியில் சொன்னால், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் அது தெளிவாகத் தெரியும். நாள் ஆக ஆகக் கண்டுபிடிப்பது கடினம். ஆணா பெண்ணா என்று கேட்பதைத்தான் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதைக் கேட்கத் தடையேதும் இல்லை.

அக்காளுக்கு 35-ஆம் வாரத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தன. பத்து நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். அடையாளம் தெரிய ஒருத்தியின் கால் நகத்தில் வண்ணம் பூசுங்கள் என்பதும் வகுப்பில் சொன்னதுதானாம். அம்மா அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த வண்ணத்தைத் துடைத்துவிட்டு, மூத்தவளுக்கு வலக் கன்னத்திலும் இளையவளுக்கு இடக் கன்னத்திலும் மைப்பொட்டு வைத்துவிட்டாள்.