காலைப் பசி – 11: ராத்திரியின் சமையல்

சென்னையிலோ மும்பையிலோ ஓட்டலில் உட்கார்ந்து மைசூர் மசாலா தோசை கேட்டால், உள்பக்கம் முழுக்கப் பூண்டும் வரமிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி தடவி, மொறுமொறுவென்று கொண்டுவந்து வைப்பார்கள். மைசூரில் சிவப்புச் சட்னி தடவும் கடைகள் இல்லாமலில்லை. ஆனால் அந்த ஊர் தன்னுடையது என்று கொண்டாடுவது நஜர்பாத்தின் மைலாரி தோசையைத்தான். அதில் சிவப்புச் சட்னி கிடையாது, மொறுமொறுப்பும் குறைவு. மெத்தென்ற தோசையை மடித்து, உள்ளே கொஞ்சம் சாகு என்னும் காய்கறிக் கூட்டு, மேலே வெண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி, அவ்வளவே. ஊர்ப்பெயரைச் சுமக்கும் பண்டம் ஒன்றாகவும் ஊர் தின்னும் பண்டம் வேறொன்றாகவும் இருப்பதைப் பார்த்தவுடன் எது அசல் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியில் எனக்கு அக்கறை குறைவு. போன வாரம் துருக்கியின் கஹ்வால்ட்டியைப் பார்த்தோம். ‘காப்பிக்கு முன்’ என்று பொருள்படும் அந்தச் சொல், காப்பி அங்கே வந்து சேர்ந்த 16-ம் நூற்றாண்டுக்கு முன்னால் பிறந்திருக்க வழியில்லை. ஒரு நாட்டின் பெருமைக்குரிய காலை உணவு தன் பெயரிலேயே தன் வயதைக் காட்டிக்கொடுக்கிறது. மைசூரின் காலைத் தட்டிலும் இப்படி வயதைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் உண்டா, எல்லாவற்றையும் கழித்த பிறகு பழமை என்று சொல்ல ஏதாவது மிஞ்சுகிறதா என்பதே இந்த வாரக் கேள்வி.

கழிக்கத் தொடங்கினால் தட்டு வேகமாகக் காலியாகும். மசாலாவுக்குள் இருக்கும் உருளைக்கிழங்கும் சட்னியில் இருக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. பக்கத்து டம்ளரில் இருக்கும் காப்பிச் செடி, பாபா புடன் கதையை நம்பினால், 17-ம் நூற்றாண்டில் ஏழு கொட்டைகளாக அரபு நாட்டிலிருந்து சிக்கமகளூர் மலைக்கு வந்தது. இவற்றைவிட முக்கியம் அரிசி. இன்றைக்கு மைசூர் என்றால் அரிசி மாவில் சுட்ட தோசை என்று நினைக்கிறோம். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-ல், இந்தச் சீமையைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன், எளிய மக்களின் உணவு என்று எழுதிவைத்தது ராகியைத்தான். அதற்கு முன்பே, 16-ம் நூற்றாண்டில், கனகதாசர் ‘ராமதான்ய சரித்ரே’ என்ற நூலில் நெல்லையும் ராகியையும் ராமர் முன்னால் வழக்காட வைத்தார். இரண்டையும் ஆறு மாதம் அடைத்துவைத்துப் பார்க்கச் சொல்கிறார் ராமர். நெல் கெட்டுப்போகிறது, ராகி அப்படியே இருக்கிறது, தீர்ப்பு ராகிக்கு. வசதியுள்ளவரின் தானியமும் ஏழையின் தானியமும் மோதும் வழக்கு அது. ஊரார் அன்றாடம் எதைத் தின்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1911-ல் வேலை தொடங்கி 1930-களின் தொடக்கத்தில் முடிந்த கிருஷ்ணராஜ சாகர் அணையும் அதன் வாய்க்காலும் மண்டியா பக்கத்து மேட்டு நிலங்களை நெல் வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாற்றிய பிறகுதான், தினமும் அரிசியை ஊறப்போடும் துணிச்சல் இந்த வட்டாரத்துச் சாதாரண வீடுகளுக்கு வந்திருக்க முடியும்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. கன்னடத்தின் ‘வட்டாராதனே’யில், ஏறக்குறைய 920-ல், ‘இட்டலிகே’ வந்துவிட்டதே, 1025 வாக்கில் சாவுண்டராயர் எழுதிய ‘லோகோபகார’த்தில் செய்முறையே இருக்கிறதே, 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாச’த்தில் இட்டரிகாவும் தோசகாவும் இருக்கின்றனவே, ஆயிரம் வருடம் போதாதா? இந்தச் சான்றுகளைத் தொகுத்து உலகறியச் செய்தவர் கொள்ளேகாலில் பிறந்த உணவு வரலாற்றாசிரியர் கே.டி.அச்சயா. ஆனால் இவை எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதையும் சுட்டிக்காட்டியவர் அவரே. அந்த இட்டலிகேயில் உளுந்து உண்டு, அரிசி இல்லை. சாவுண்டராயரின் முறையில் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிவும் மசாலாவும் சேர்க்கிறார்கள். ராத்திரி முழுக்கப் பொங்கவிடும் பேச்சு அங்கே இல்லை. சோமேசுவரனின் இட்டரிகா நெய்யில் பொரித்த உருண்டை. நம் கண்ணுக்கு அது போண்டாவின் சொந்தக்காரன். ஆவியில் வேகவைக்கும் வித்தை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று அச்சயா சொன்னது ஊகம்தான், அதில் நான் கால் வைக்கவில்லை. பெயர் ஆயிரம் வருடம் பயணம் செய்திருக்கிறது, பெயருக்குள் இருந்த பண்டம் வழியில் பலமுறை ஆள் மாறியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த நூல்கள் எதிலும் இவை காலை உணவாக வரவில்லை. ‘வட்டாராதனே’யில் இட்டலிகே, வீட்டுக்கு வந்த பிரம்மசாரிக்குப் படைக்கும் பதினெட்டுப் பண்டங்களில் ஒன்று. அதாவது விருந்து. தமிழ்ப் பக்கம் போனால் ‘மதுரைக்காஞ்சி’யில் அடையும் மோதகமும் விற்கும் கூவியர், நள்ளிரவை நெருங்கும் சாமத்தில் தூங்கி வழிகிறார்கள், அது ராத்திரிக் கடை. பலகாரம் என்ற சொல்லே விரதத்தோடு சேர்ந்தது. சோறு விலக்கிய அமாவாசை ராத்திரியில் இட்லியோ தோசையோ சாப்பிடுவதை இன்றும் பல வீடுகளில் ‘பலகாரம் பண்ணுவது’ என்றுதான் சொல்கிறார்கள். கிராமத்தில் இட்லி தோசைக்குத் தீபாவளி வரை காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. ஆக, இந்தப் பண்டங்கள் விருந்தாகவும் விரதமாகவும் பண்டிகையாகவும் நெடுநாள் இருந்தவை. விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் தினமும் தின்னும் உணவாக ஆனது பின்னால் நடந்தது.

அப்படியானால் காலையில் என்னதான் சாப்பிட்டார்கள்? இங்கே ஏட்டுச் சான்று குறைவு, காரணம் எளிது: ஏழையின் காலைப் பானையைப் பற்றி அரசவைப் புலவர்கள் அதிகம் எழுதவில்லை. ஆனால் சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. தமிழில் பழையது, நீராகாரம், கூழ். கன்னடத்தில் ‘தங்களன்ன’, அதாவது நேற்றைய சோறு. ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சி மோர் சேர்த்துக் குடிக்கும் ‘அம்பலி’. எல்லாமே முந்தைய நாளில் வேர்விட்டவை. விடியுமுன் அடுப்பு மூட்டி விறகைச் செலவழிக்காமல், ராத்திரி நீர் ஊற்றிவைத்ததைக் காலையில் உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போவது. ஏழ்மையின் சிக்கனம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம். நான் இதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். அந்தப் பானையில் ராத்திரி முழுக்க ஒரு வேலை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. சோறு புளிக்கிறது, செரிமானம் லேசாகிறது. மைசூர் ஓட்டலின் பின்கட்டில் அடுக்கிவைத்த மாவு அண்டாக்களில் ராத்திரி நடப்பதும் இதே வேலைதான். இட்லி மாவை முதலில் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர், பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் கூட்டத்தின் நெருங்கிய உறவு. நுண்ணுயிர் விடும் வாயுவை உளுந்தின் பசை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தட்டில் கழிக்க முடியாமல் மிஞ்சுவது இந்தப் புளிப்பு. தானியம் மாறியது, பாத்திரம் மாறியது, சாப்பிடுகிறவரின் வர்க்கமும் மாறியது. காலை உணவில் பாதி ராத்திரியே சமைத்துவைத்தது என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. கடல் கடந்து பார்த்தால் எத்தியோப்பியாவின் இஞ்செராவும் இப்படித்தான்: டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவிட்டுச் சுடும் பெரிய தோசை. மைசூரின் ராகிக்குப் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் என்பதை நினைத்தால், இந்த ஒற்றுமை கொஞ்சம் நின்று யோசிக்க வைக்கிறது. தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. சிறுதானியத்தை வைத்துக்கொண்டு வெயில் நாட்டில் வாழ்கிறவர்கள் தனித்தனியாகவே புளிப்பைக் கண்டுபிடிக்க முடியும்.

பழையது தட்டிலிருந்து இறங்கி இட்லி ஏறியது எப்படி? குற்றவாளி காப்பி என்பது என் முடிவு. தமிழ்நாட்டில் காப்பி நீராகாரத்தை எப்படித் துரத்தியது என்பதை ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’யில் விரிவாகவே எழுதியிருக்கிறார். காப்பித் தோட்டங்களை வாசலிலேயே வைத்திருந்த மைசூர் ராஜ்ஜியத்தில் இது இன்னும் சுலபமாக நடந்திருக்கும். பால் கலந்த சூடான காப்பியும் புளித்த சோற்றுத் தண்ணீரும் அடுத்தடுத்துத் தொண்டையில் இறங்காது. சூடான பானத்துக்குச் சூடான, ஈரமற்ற, விரலால் விண்டு தின்னக்கூடிய துணை வேண்டும். பலகாரம் என்ற பெயரில் விருந்துக்கும் விரதத்துக்கும் காத்திருந்தவை அந்த இடத்தைப் பிடித்தன. ஓட்டல்களின் பெயர்களே சாட்சி. பெங்களூரில் 1924-ல் யக்ஞநாராயண மையாவும் சகோதரர்களும் தொடங்கிய இடத்துக்குப் பெயர் ‘பிராமின் காபி கிளப்’. அது ‘மாவள்ளி டிபன் ரூம்ஸ்’ (எம்.டி.ஆர்.) ஆனது 1960-ல். முதலில் காப்பி, பிறகு டிபன். 1950-களில் கோயம்புத்தூரில் பிறந்த வெட் கிரைண்டர், ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காக மாவாட்டிய பெண்களின் கையை விடுவித்ததும், ஓட்டலின் அன்றாடம் வீட்டின் அன்றாடமாகவும் ஆனது. ‘திண்டி ஆய்தா?’ என்று மைசூரில் காலையில் ஒருவரையொருவர் விசாரிப்பது இன்று இயல்பான குசலம். சாப்பாட்டிலிருந்து பிரிந்த ‘திண்டி’ என்ற தனி வேளை எல்லாருக்கும் வாய்த்த பிறகே அந்தக் கேள்வி எல்லாருக்கும் பொதுவாகியிருக்கும்.

ஓட்டலும் காப்பியும் சேர்ந்து உண்டாக்கியதுதான் என்றால், யார் வேண்டுமானாலும் புதிய காலை உணவை உண்டாக்கிவிடலாமே, அப்புறம் பாரம்பரியம் என்ற பேச்சு எதற்கு என்று கேட்கலாம். உண்டாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. 1994-ல் கெல்லாக்ஸ் கார்ன் ஃபிளேக்ஸோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் ஒரே தலைமுறையில் காலை உணவையே மாற்றிக்காட்டிய கம்பெனி அது. இங்கே வாங்கியவர்கள் அதில் கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றினார்கள், ஃபிளேக்ஸ் கூழாகிவிட்டது. எதிர்பார்த்த சந்தை வர வெகுகாலம் பிடித்தது. புதிய பொருளை நாக்கு ஏற்றுக்கொள்கிறது, ஆனால் தனக்குப் பழகிய வாசல் வழியாக வந்தால்தான். இதற்கு எதிர்ப்புற உதாரணம் ரவா இட்லி. எம்.டி.ஆர். சொல்லும் வரலாற்றின்படி, இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையை வைத்து அவர்கள் செய்து பார்த்தது அது. 1942-ல் பர்மா விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோன காலம். ராத்திரி ஊறல் இல்லை, உளுந்து இல்லை, மாவாட்டும் வேலை இல்லை. ஆனால் தயிர் உண்டு, சோடா உண்டு. ராத்திரி தர வேண்டிய புளிப்பைத் தயிரும், ராத்திரி தர வேண்டிய எழுச்சியைச் சோடாவும் கொடுத்துவிடுகின்றன. ஏற்பாட்டைக் கைவிட்டாலும் அதன் சாயலைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ரவா இட்லி பிழைத்தது என்று நினைக்கிறேன்.

என் வாதத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கி ரொட்டி இருக்கிறது. அரிசி மாவைப் பிசைந்து நேராகத் தோசைக்கல்லில் தட்டிச் சுடுகிறார்கள், எந்தப் புளிப்பும் இல்லை. சித்ரான்னத்தை என் பக்கம் இழுத்துக்கொள்ளலாம், மீந்த சோற்றில் எலுமிச்சை பிழிந்தது என்பதால் ராத்திரியும் உண்டு, புளிப்பும் உண்டு. உப்புமாவை இழுக்க முடியாது. பெங்களூரில் காராபாத் என்ற கௌரவமான பெயரோடு தட்டில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் அது, எந்த முன்யோசனையும் கேட்பதில்லை. கால் மணி நேரத்தில் தயார். உப்புமாவை நாம் இவ்வளவு கேலி செய்வதற்கும் அதை மாவு தீர்ந்துபோன நாளின் உணவாக நடத்துவதற்கும் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம்: அதில் நேற்று இல்லை. ஆனால் காலை உணவை அரசு பெருவாரியாகச் செய்யக் கிளம்பினால் உப்புமாவே ஜெயிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கியமாகக் கிடைப்பவை உப்புமா, கிச்சடி, பொங்கல். பல்லாயிரம் பள்ளிகளுக்கு ஒரே ராத்திரியில் மாவு புளிக்க வைப்பதும், அது எங்கே எவ்வளவு பொங்கியது என்று பார்ப்பதும் நடக்கிற காரியமில்லை.

மாவு அவ்வளவு சொன்னபடி கேட்காது என்பது மைசூர்க்காரர்களுக்குத் தெரியும். கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மார்கழிக் குளிரில் மதுரையில் புளிக்கும் வேகத்தில் அங்கே மாவு புளிக்காது. இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகும் வழிகளைத் தேடும் ஆராய்ச்சியும் அதே ஊரில்தான் நடக்கிறது. 1950-ல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961-ல் வந்த ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடமும் பல பத்தாண்டுகளாக உலர்கலவை, உறைப்பொட்டல உணவு என்று உழைத்துவருகின்றன. பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்கு ராத்திரி மாவு கரைத்துவைக்கச் சொல்ல முடியாது, பொட்டலத்தைப் பிரித்துச் சுடுநீர் ஊற்றச் சொல்லலாம். நகரத்து வீடுகளோ வேறு வழியில் போகின்றன: மாவு பாக்கெட். 2005-ல் பெங்களூரில் ஒரு சிறிய இடத்தில் ஐடி ஃபிரெஷ் தொடங்கிய வியாபாரம், இன்று தெருமுனைக் கடையின் பிரிட்ஜ் வரை வந்துவிட்டது. மாவு கம்பெனியில் அரைபட்டு, குளிரில் தூங்கியபடி பயணம் செய்து, வாங்கியவர் வெளியே எடுத்து வைத்த பிறகு மிச்சப் புளிப்பை முடித்துக்கொள்கிறது. பாக்கெட்டின் மேல் காலாவதித் தேதி அச்சடித்திருக்கிறது. ஆனால் கோடைக்காலத்தில் உள்ளே இருக்கும் மாவு அதைப் பொருட்படுத்தாமல் பையை உப்பச் செய்துவிடுகிறது.