அக்குபஞ்சர் எந்த நோய்க்குப் பயன் தரும், எங்கே எச்சரிக்கை தேவை? ஆய்வுகளும் சட்டமும் கூறுவது என்ன?

மழைக்காலம் வந்தால் மூட்டுவலி, தேர்வுக்காலம் வந்தால் மன அழுத்தம், குளிர்காலம் வந்தால் ஒவ்வாமைத் தும்மல் என்று பருவத்துக்கு ஏற்ப நலவாழ்வுக் குறிப்புகளை வெளியிடுவது பெருநகர அக்குபஞ்சர் சிகிச்சை மையங்களின் வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் வந்து சேரும் இக்குறிப்புகளில், முதுகுவலியும் ஒற்றைத் தலைவலியும் இருக்கும் அதே பட்டியலில் சர்க்கரை நோய், குழந்தையின்மை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் இடம்பெறுவதுண்டு.

இவை அனைத்தும் ஒரே அளவில் நம்பத்தக்கவை அல்ல. சில வகை நாள்பட்ட வலிகளில் அக்குபஞ்சர் மிதமான நிவாரணம் தருவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறு பல நோய்களில் அத்தகைய சான்று இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் மருந்தை நிறுத்துவோரும், மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவோரும் பெரும் ஆபத்துக்கு ஆளாகின்றனர்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

சீனாவில் தோன்றிய இச்சிகிச்சை முறை இந்தியாவில் வேரூன்றியதற்கு ஒரு போர்க்கால மருத்துவக் குழு காரணமாக அமைந்தது. ஜப்பானின் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்கு உதவ, 1938-ஆம் ஆண்டு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ், 1942-ஆம் ஆண்டு சீனாவிலேயே உயிரிழந்தார். மற்றொருவரான வங்கத்தைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சர் பயின்றார். நாடு திரும்பியபின், 1959-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் இச்சிகிச்சையைத் தொடங்கினார்.

பின்னாளில் கோட்னிஸின் பெயரால் பஞ்சாப் மாநிலம் லூதியானாவிலும் ஓர் அக்குபஞ்சர் மருத்துவமனை உருவானது. கொல்கத்தாவிலிருந்து பரவிய இம்முறை இன்று நாட்டின் பெரும்பாலான பெருநகரங்களில் கிடைக்கிறது.

ஊசி என்ன செய்கிறது?

மருந்து செலுத்தும் ஊசியைப் போல் அக்குபஞ்சர் ஊசியில் துளை இருப்பதில்லை. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட இந்த ஊசிகளை உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகி, வழக்கமாக 20 முதல் 30 நிமிடங்கள் வரை வைத்திருப்பார்கள். சில மையங்களில் ஊசிகள் வழியாக மெல்லிய மின்தூண்டல் அளிப்பதும் உண்டு.

உடலில் 'சி' எனப்படும் உயிராற்றல் 12 முதன்மைப் பாதைகளில் ஓடுகிறது, அந்த ஓட்டம் தடைபடும்போது நோய் உண்டாகிறது என்பது சீன மரபின் விளக்கம். மொத்தம் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் பெயரிட்டு வரிசைப்படுத்தியுள்ளது. ஆனால், இத்தகைய பாதைகள் உடற்கூறியலில் கண்டறியப்படவில்லை.

ஊசியின் தூண்டலால் நரம்புகள் கிளர்ச்சி அடைவதையும், வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களை உடலே சுரப்பதையும் நவீன ஆய்வாளர்கள் காரணமாகக் கூறுகின்றனர். ஊசி செருகப்பட்ட இடத்தில் வலியைக் குறைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் பெருகுவதாக, எலிகளில் நடத்தப்பட்டு 2010-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது. இவற்றுடன் நோயாளியின் எதிர்பார்ப்பும், சிகிச்சை அளிப்பவரின் கவனிப்பும் சேர்ந்து பலனைக் கூட்டுகின்றன.

வலியில் கிடைக்கும் பலன் எவ்வளவு?

நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்ட ஆய்வு 2007-ஆம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினருக்கு மரபு முறைப்படி அக்குபஞ்சர் அளிக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குப் புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி செருகப்பட்டது. இது பலனை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான போலிச் சிகிச்சை. மூன்றாம் பிரிவினர் மருந்து, இயன்முறை மருத்துவம், உடற்பயிற்சி ஆகிய வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 44.2 விழுக்காட்டினரும், மூன்றாம் பிரிவில் 27.4 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டிருந்தனர். ஊசிச் சிகிச்சை பெற்ற இரு பிரிவினருமே வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக இருந்தனர். ஆனால், சரியான புள்ளியில் குத்தியதற்கும் வேறிடத்தில் குத்தியதற்கும் இடையே வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது.

ஒற்றைத் தலைவலி குறித்து 22 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் அறிக்கையிலும் இதே போக்கைக் காணலாம். அக்குபஞ்சர் பெற்றவர்களில் 100-க்கு 41 பேருக்குத் தலைவலி வரும் நாள்கள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தன. அதைப் பெறாதவர்களில் இந்த எண்ணிக்கை 17 மட்டுமே. போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்ட ஆய்வுகளில் இடைவெளி சுருங்கியது. அவற்றில் அக்குபஞ்சர் பெற்றோரில் 100-க்கு 50 பேரும், போலிச் சிகிச்சை பெற்றோரில் 41 பேரும் பலன் பெற்றனர்.

முதுகு, கழுத்து, தோள், மூட்டு வலிகள் மற்றும் தலைவலி தொடர்பான 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு, போலிச் சிகிச்சையைவிட உண்மையான அக்குபஞ்சர் ஓரளவு மேலானது என்றும், கிடைத்த பலனில் பெரும்பகுதி ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது என்றும் கூறியது.

நாடுகள் எடுத்த முடிவுகள் ஏன் மாறுபடுகின்றன?

ஒரே சான்றை வெவ்வேறு கோணங்களில் எடைபோடும்போது முடிவுகளும் வேறாகின்றன. போலிச் சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதா என்ற அளவுகோலைக் கொண்டு, கீழ்முதுகு வலிக்கு அக்குபஞ்சர் அளிக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. அதே அமைப்பு, தெளிவான காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மிகாத ஒரே சுற்றுச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2021-ஆம் ஆண்டு கூறியது.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 90 நாள்களில் 12 அமர்வுகள் வரை செலவை ஏற்க 2020-ஆம் ஆண்டு முன்வந்தது. முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8 அமர்வுகள் அனுமதிக்கப்படும். முன்னேற்றம் இல்லையெனில் சிகிச்சையை நிறுத்த வேண்டும் என்பது விதி. கைப்பணம் செலவழிக்கும் இந்திய நோயாளிகளுக்கும் இது பயனுள்ள அளவுகோல். தொடக்கத்திலேயே எண்ணிக்கையை வரையறுத்து, பலன் தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்வது வீண்செலவைத் தவிர்க்கும்.

சான்று இல்லாத இடங்கள்

குழந்தைப்பேற்றுக்காகச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெறும் பெண்களிடம் அக்குபஞ்சர் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இத்தகைய 848 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அக்குபஞ்சர் பெற்றவர்களில் 18.3 விழுக்காட்டினரும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 17.8 விழுக்காட்டினரும் உயிருடன் குழந்தை பெற்றனர். அதாவது, குழந்தை பெறும் வாய்ப்பை அது உயர்த்தவில்லை.

புற்றுநோய் விஷயத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கீமோதெரபியால் ஏற்படும் குமட்டலைத் தணிக்க அக்குபஞ்சர் துணைச் சிகிச்சையாக உதவலாம் என்பதற்குச் சான்று உள்ளது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மருந்து, டயாலிசிஸ் ஆகியவற்றுக்கு இது மாற்றாகாது.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் மருத்துவ உதவியின்றி வீட்டில் பிரசவிக்க முயன்ற பெண்ணும் சிசுவும் உயிரிழந்தனர். பெண்ணின் கணவரும், அக்குபஞ்சர் சிகிச்சை அளித்துவந்த ஒருவரும் அவ்வழக்கில் கைது செய்யப்பட்டனர். அவசர மருத்துவம் தேவைப்படும் நிலையில் மாற்றுச் சிகிச்சையை நம்பிக் காத்திருப்பதன் விலையை அச்சம்பவம் நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுபெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாகக் கையாளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ஆம் ஆண்டு நவம்பரில் ஆணை வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுகாதார ஆராய்ச்சித் துறை அதைத் தனியொரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

மாநில அளவில், மேற்கு வங்கம் 1996-ஆம் ஆண்டிலேயே அக்குபஞ்சருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரத்திலும் தனிச் சட்டமும், பதிவுக்கான கவுன்சிலும் உள்ளன. பல மாநிலங்களில் இத்தகைய ஏற்பாடு இல்லாததால், யாரிடம் எவ்வளவு பயிற்சி உள்ளது என்பதைச் சரிபார்க்கும் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. மருத்துவர் அல்லாதோர் முழுமையாகப் பயில 2,500 மணி நேரமும், நவீன மருத்துவர்கள் அடிப்படைப் பயிற்சி பெற 200 மணி நேரமும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டியது. வார இறுதி வகுப்புகளில் சான்றிதழ் பெற்றவர்களை இந்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அரசின் அங்கீகாரம் என்பது சிகிச்சை அளிப்பதற்கான அனுமதியே. எல்லா நோய்களையும் அது குணப்படுத்தும் என்பதற்கான சான்றாக அதைக் கொள்ள இயலாது. சேவைகள் குறித்துத் தவறான நம்பிக்கை ஊட்டும் விளம்பரங்கள் மீது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார் அளிக்க வழியுண்டு.

பாதுகாப்பு

பயிற்சி பெற்றவர்கள் தூய்மையான ஊசியைக் கொண்டு செய்யும்போது, சிறிய இரத்தக் கசிவு, கன்றிப்போதல், தலைச்சுற்றல் போன்றவையே பெரும்பாலும் ஏற்படும். அரிதாக, நெஞ்சு அல்லது தோள் பகுதியில் ஆழமாகச் செருகப்படும் ஊசி நுரையீரலைத் துளைக்கக்கூடும். சிகிச்சைக்குப் பின் திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிருமி நீக்கம் செய்யாத ஊசியை மீண்டும் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகள் பரவும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியே பாதுகாப்பானது. பயன்படுத்திய ஊசிகளைத் துளைபடாத வெண்ணிறக் கொள்கலனில் சேகரிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின் நிபந்தனை.

மையத்தை நாடும் முன் கவனிக்க வேண்டியவை

* வலிக்கான காரணத்தை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். முதுகுவலியுடன் காய்ச்சல், எடைக் குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்மை இருந்தால் தாமதிக்கக் கூடாது.

* சிகிச்சை அளிப்பவரின் படிப்பு, பயிற்சிக் காலம், பதிவு எண் ஆகியவற்றைக் கேளுங்கள்.

* ஊசி உறை உங்கள் கண் முன்னே பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

* இரத்தம் உறையாமைக் கோளாறு, இரத்தத்தை இளக்கும் மருந்து, கர்ப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்தூண்டல் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும்.

* எத்தனை அமர்வுகள், மொத்தக் கட்டணம் எவ்வளவு, எப்போது பலனை மதிப்பிடுவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

* வழக்கமான மருந்துகளை நிறுத்தச் சொன்னால், அம்மருந்தைப் பரிந்துரைத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.